'குவாண்டமே நிரூபிச்சிடுச்சு' என்று யாராவது சொன்னால் என்ன செய்வது

எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவை எடுத்தாலும் மாதம் ஒருமுறையாவது இது வந்துவிடும்: ஒரு பக்கம் ஐன்ஸ்டீன், இன்னொரு பக்கம் தாடி வைத்த ஒரு சித்தர், நடுவில் "உலகம் மாயை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. (குவாண்டம் என்பது அணுவையும் அதைவிடச் சிறிய துகள்களையும் பற்றிய இயற்பியல்.) தர்மபுரியில் தியான வகுப்புக்குப் போனாலும் சரி, கிருஷ்ணகிரியில் பகுத்தறிவு பேசும் நண்பர்களோடு உட்கார்ந்தாலும் சரி, இரண்டு தரப்புமே இயற்பியலைத் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கிறது. அவர்கள் "எல்லாம் மனம்தான்" என்பார்கள், இவர்கள் "எல்லாம் சடப்பொருள்தான், வேறெதுவும் கிடையாது" என்பார்கள். இரண்டுமே மெட்டாபிசிக்ஸ்தான். எது உண்மையில் இருக்கிறது, காலம் என்பது என்ன, நடப்பதெல்லாம் முன்பே முடிவானதா என்கிற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில். பதில் வைத்திருப்பதில் தப்பே இல்லை, எனக்கும் ஒன்று இருக்கிறது. இயற்பியல் பேசியது எந்த இடத்தில் முடிந்தது, நாம் சேர்த்தது எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரியாமல் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது. அந்த ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மனதில் வைத்துக்கொண்டு வாதாடினால் பாதியில் அது வேறு வாக்கியமாக மாறிவிடும், நீங்களும் எதிராளியும் ஆளுக்கொன்றைப் பேசிக்கொண்டிருப்பீர்கள். எழுதியபின் கேளுங்கள்: இதில் அளந்து பார்த்தது எது? எந்தக் கருவியில், எந்த ஆண்டில், என்ன எண் வந்தது? அடுத்து, அந்த எண்ணைச் சரியாக முன்கூட்டியே சொன்ன சமன்பாடு எது? அப்புறம், அந்தச் சமன்பாட்டுக்கு "உலகம் இப்படித்தான் இருக்கிறது" என்று அர்த்தம் சொன்னது யார், அதே சமன்பாட்டுக்கு வேறு அர்த்தம் சொல்கிறவர்கள் இருக்கிறார்களா? கடைசியாக, இந்த மூன்றிலும் வராமல் வாக்கியத்தில் மிச்சம் நிற்பது எது? அந்த மிச்சம்தான் ஃபார்வர்டு எழுதியவருடைய சொந்தச் சரக்கு. பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே பேச்சு அடங்கிவிடும், ஏனென்றால் எதை அளந்தார்கள் என்று ஃபார்வர்டு அனுப்பியவருக்கே தெரியாது.

"நாம் பார்ப்பதால்தான் உலகம் உண்டாகிறது"

அதிகமாக வருவது இதுதான், ஆகவே இதிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். எலக்ட்ரான்களை அருகருகே உள்ள இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே அனுப்பினால், மறுபக்கத் திரையில் இரண்டு அலைகள் கலந்தது போலப் பட்டைகள் விழும், குறுக்கீட்டுப் பட்டைகள் என்பது இவற்றைத்தான். இந்த இரட்டைப் பிளவுச் சோதனையில் எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியே போனது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் குறுக்கீட்டுப் பட்டைகள் காணாமல் போகும், இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் 'பார்ப்பது' என்றவுடன் மனிதக் கண்ணும் மனமும் உள்ளே வந்துவிடுகிறதே, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க வேண்டும். 1999-ல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறை வைத்தே குறுக்கீட்டு விளைவைக் காட்டினார்கள். 2004-ல் அங்கேயே 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறை லேசரால் சூடாக்கி அனுப்பிப் பார்த்தார்கள். சூடான மூலக்கூறு போகிற போக்கில் ஒளியை உமிழும், தான் எந்த இடத்தில் இருந்தேன் என்கிற தகவலை அந்த ஒளி வெளியே கொண்டுபோய்விடும். சூட்டை ஏற்ற ஏற்றப் பட்டைகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, பிடித்து வைக்கக்கூட இல்லை. தகவல் வெளியேறியதே போதுமானதாக இருந்தது.

ஆக மனம் தேவை என்பது அளந்த விஷயம் இல்லை. ஆனால் இங்கே பகுத்தறிவு நண்பர்கள் அவசரமாகக் கைதட்ட வேண்டாம். பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதை இது விளக்குகிறது, சரி. பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் ஏன் கடைசியில் நடந்ததாக நமக்குத் தெரிகிறது என்பதை இது விளக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது. நோபல் பரிசு வாங்கிய யூஜீன் விக்னரே 1961-ல் நனவுக்கு இதில் பங்கு உண்டு என்று எழுதினார், பிற்பாடு அந்த நிலைப்பாட்டிலிருந்து விலகியும் போனார். இயற்பியலாளர் ஒருவர் சொன்னார் என்பதும் இயற்பியல் சொன்னது என்பதும் வேறு வேறு, இதைத் தாளின் மேல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜெனீவாவில் செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வு மைய வளாகத்தில் நடராஜர் சிலை இருப்பதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். 2004-ல் இந்திய அரசு நட்புக்காகக் கொடுத்த பரிசு அது, ஆய்வு முடிவு அல்ல. அழகான சிலை.

செருப்புக் கணக்கு

இந்தக் குறிப்பிலேயே நீங்கள் உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டிய பகுதி இதுதான். மெட்டாபிசிக்ஸை இயற்பியல் உண்மையிலேயே தொட்ட இடம் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது பெல் தேற்றத்தைத்தான்.

ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து ஒன்றை ஓசூருக்கும் மற்றதை அரூருக்கும் பார்சலில் அனுப்புகிறீர்கள். அரூர்க்காரர் பிரித்துப் பார்க்கிறார், இடது கால். ஓசூரில் இருப்பது வலது கால் என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிடும். இதில் மாயம் எதுவும் இல்லை, பார்சல் கிளம்பும்போதே முடிவான விஷயம். தூரத்தில் பிரிந்த பிறகும் அளக்கும்போது பதில்கள் ஒன்றோடொன்று தொடர்புபட்டே வருகிற 'பின்னிப் பிணைந்த' துகள் ஜோடிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்க வேண்டும், குவாண்டம் கோட்பாடு எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதுதான் 1935-ல் ஐன்ஸ்டீனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் எழுதிய கட்டுரையின் சாரம். நியாயமான எதிர்பார்ப்புதான். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் இது வெறும் தத்துவச் சண்டையாகவே கிடந்தது, சோதித்துப் பார்க்க வழியில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1964-ல் ஜான் பெல் வழி கண்டுபிடித்தார். அதைப் பள்ளிக் கணக்கு அளவுக்கு இறக்கிச் செய்யலாம். ஒளித்துகள் ஜோடி ஒன்று இரண்டு ஊர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு போலராய்டு (குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் தகடு) வைத்திருக்கிறார்கள், அதை 0, 60, 120 டிகிரி என்று மூன்று கோணங்களில் ஏதாவது ஒன்றில் திருப்பி வைக்கலாம். துகளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இதைக் கடந்து போவாயா, மாட்டாயா? இரண்டு ஊரிலும் ஒரே கோணம் வைத்தால் பதில் எப்போதும் ஒன்றாகவே வரும், அப்படிப்பட்ட ஜோடிகளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். செருப்பு மாதிரி கிளம்பும்போதே எல்லாம் முடிவாகிவிட்டது என்றால், ஒவ்வொரு ஜோடியும் மூன்று கோணங்களுக்குமான பதிலைக் கையோடு எழுதி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், எந்தக் கோணம் கேட்பார்கள் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாதே.

இப்போது பேனாவை எடுத்து அந்தப் பதில் பட்டியல்களை எழுதுங்கள். மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை, மொத்தம் 8 விதம். அதில் 2 விதங்களில் மூன்று பதிலும் ஒன்றாகவே இருக்கும். மீதி 6 விதங்களிலும் இரண்டு பதில் ஒன்றாகவும் ஒன்று மட்டும் மாறியும் இருக்கும், வேறு வழியே கிடையாது. இப்போது இரண்டு ஊரிலும் வெவ்வேறு கோணத்தைக் கேளுங்கள். வெவ்வேறான கோண ஜோடிகள் மூன்று. முதல் 2 விதங்களில் எப்போதும் பதில் ஒத்துப்போகும், மற்ற 6 விதங்களில் மூன்றுக்கு ஒரு முறை ஒத்துப்போகும். ஆகவே இயற்கை எந்தப் பட்டியலை எத்தனை முறை அனுப்பினாலும், கோணங்கள் மாறி இருக்கும்போது பதில்கள் ஒத்துப்போவது நூற்றுக்கு 33-க்குக் கீழே இறங்கவே முடியாது. குவாண்டம் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? 25.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த 33-ஐ நீங்களே இன்னொரு தடவை சரிபாருங்கள். அது குவாண்டம் கணக்கே இல்லை, எண்ணிப் பார்ப்பது மட்டும்தான், ஆகவே அதில் ஓட்டை தேடினால் கணக்கில் கிடைக்காது, அதற்குப் பின்னால் இருக்கும் அனுமானங்களில்தான் கிடைக்கும். சோதனைகள் 1972-ல் ஃப்ரீட்மன், கிளாசர் இருவரோடு தொடங்கின. 1982-ல் பாரிஸ் பக்கம் அலைன் ஆஸ்பெ செய்தார், 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1.3 கி.மீ. இடைவெளி விட்டுச் செய்தார்கள். கோணங்களும் கணக்கின் வடிவமும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும், தீர்ப்பு குவாண்டம் பக்கமே வந்தது. 2022 நோபல் பரிசு ஆஸ்பெ, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் இதற்காகத்தான்.

இப்போது ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பதில்கள் முன்பே எழுதப்பட்டவை, ஓர் ஊரில் கேட்கும் கேள்வி மற்ற ஊரின் பதிலைத் தொடாது, கோணத்தைத் தேர்ந்தெடுப்பது துகளின் பட்டியலோடு சம்பந்தப்படாதது, ஒரு சோதனைக்கு ஒரே முடிவுதான் உண்டு: இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது அளந்தது. எதைக் கைவிடுவது என்பது அளந்தது அல்ல. இயற்பியலாளர் டேவிட் போம் 1952-ல் குவாண்டம் கோட்பாட்டுக்குக் கொடுத்த வடிவத்தில் துகள்களுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு, அதற்கு விலையாகத் தொலைவைத் தாண்டிய தொடர்பை ஏற்க வேண்டும். எவரெட் 1957-ல் ஒரே முடிவு என்பதையே விட்டுவிட்டார், எல்லா முடிவுகளும் நடக்கின்றன என்றார். இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Niels Bohr) வழி வந்தவர்கள், அளப்பதற்கு முன் மதிப்பு என்ன என்று கேட்பதே அர்த்தமில்லை என்கிறார்கள். இந்த மூன்றும் ஆய்வகத்தில் ஒரே எண்களைத்தான் தருகின்றன. ஆக மெட்டாபிசிக்ஸ் செத்துப்போகவும் இல்லை, வென்றுவிடவும் இல்லை. கடையில் முன்பு பத்துச் சரக்கு இருந்தது, இப்போது சிலதான், அவை எல்லாவற்றுக்குமே விலை அதிகம்.

ஒன்று மறக்காதீர்கள். இந்தப் பிணைப்பை வைத்து ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. இது குவாண்டம் கோட்பாட்டுக்குள்ளேயே நிறுவப்பட்டது. மனதால் தொலைவில் இருப்பவரைக் குணப்படுத்துகிறேன், காரணம் குவாண்டம் பிணைப்பு என்று யாராவது கட்டணம் கேட்டால், பணத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

பழைய நூலை எப்படிக் கொண்டுவருவது

"நம் முன்னோர் அணுவை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்பதைக் கேட்டவுடன் சிரித்துத் தள்ளுவதும் தப்பு, அப்படியே விழுந்து கும்பிடுவதும் தப்பு. பழைய நூல் மேல் உண்மையான மரியாதை இருந்தால் அது என்ன சொல்கிறது என்று திட்டமாக எடுத்து, அதைச் சோதனைக்கு நிறுத்துங்கள். மணிமேகலையில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்த ஆசீவகர் வருகிறார். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றுக்கு அணுக்கள் உண்டு, உயிரும் சேர்த்து ஐந்து, அணு புதிதாகப் பிறப்பதில்லை, சிதைவதும் இல்லை என்பது அவர் தரப்பு. பாருங்கள், இது எவ்வளவு தெளிவான கூற்று! தப்பாகப் போகும் வாய்ப்புள்ள கூற்று, அதனால்தான் மதிப்புள்ளது.

பொருளின் அடிப்படைத் துண்டு புதிதாகப் பிறக்குமா? பிறக்கும். 1932-ல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் (எலக்ட்ரானைப் போலவே இருந்து நேர் மின்னூட்டம் கொண்ட துகள்) கண்டார், போதிய ஆற்றல் உள்ள ஒளித்துகள் ஓர் அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறுவதை அடுத்தடுத்து உறுதிசெய்தார்கள். சிதையுமா? இதற்கு நம் வாசலிலேயே ஒரு கதை இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் வழியாகப் போனால் கோலார் தங்கவயல். நம் பக்கத்துக் குடும்பங்கள் பல ஒரு காலத்தில் அங்கே சுரங்க வேலைக்குப் போனவை. அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில், 2 கி.மீ.க்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து கருவிகளை வைத்து, 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் (விண்கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகி, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) கண்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள், உலகிலேயே முதல் கண்டறிதல்கள் இந்த இரண்டும்தான். 1980-களில் அதே சுரங்கத்தில் புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தார்கள், பின்னால் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்றைக்கு ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்னும் பெரிய கருவி சொல்வது, எதிர்பார்த்த முக்கியச் சிதைவு வழியில் பார்த்தால் புரோட்டானின் சராசரி ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழி போட்ட ஆண்டுகளையும் தாண்டுகிறது என்பது. தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடிவிட்டது.

பொருள் நிலையானதா என்பது சுத்தமான தத்துவக் கேள்வியாகத்தான் இருந்தது. அதில் ஒரு துண்டு பாறைக்கு அடியில், இரும்புத் தகடுகளுக்கு நடுவில் சோதிக்கும் கேள்வியாக மாறிவிட்டது. எந்தப் பழைய கூற்றை எடுத்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும்: அது தப்பாக இருந்தால் நமக்கு எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். பதிலே இல்லையென்றால் அதை இயற்பியலோடு ஒட்டவேண்டாம், தத்துவமாகவே வைத்துப் பேசுங்கள், அதிலும் சுவை இருக்கிறது.

காலம்

இதில் ஏமாறுவது எளிது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி. அங்கிருந்து ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தால் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியைப் பார்க்கிறோம். உடனே "ஆகவே கடந்த காலம் இப்போதும் இருக்கிறது" என்பார்கள். இல்லை சாமி, ஒளி வந்துசேர நேரம் எடுக்கிறது என்பது மட்டுமே இதில் தெரிகிறது, வானியலாளர் ரோமர் 1676-லேயே சொன்ன விஷயம், காலத்தின் தன்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான வலு உள்ள வாதம் வேறு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், ஈர்ப்பு குறைவாக இருப்பதால் நாளுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகிறது, வேகத்தால் 7 பிந்துகிறது, நிகரமாக 38 முந்துகிறது. அந்த 38 மைக்ரோ நொடியில் ஒளி 11 கி.மீ.க்கு மேல் போய்விடும், திருத்தம் போடாமல் விட்டால் தொப்பூர் கணவாயில் உங்கள் போன் என்ன காட்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இது அளந்தது. இதற்கு அடிப்படையான சார்பியல், தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் 'ஒரே சமயத்தில்' நடந்தனவா என்பது நகர்கிறவரைப் பொறுத்து மாறும் என்கிறது. அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' இல்லை, நேற்றும் நாளையும் இன்றைப் போலவே இருக்கின்றன என்று தத்துவவாதி ஹிலாரி பட்னம் 1967-ல் வாதாடினார். இது வாதம். மறுப்பவர்கள், அளக்க முடியாத ஒரு பொதுவான 'இப்போது' இருந்துவிட்டுப் போகட்டுமே, சமன்பாடு அதைத் தடுக்கவில்லையே என்கிறார்கள். என் சாய்வு பட்னம் பக்கம், ஆனால் அதை இயற்பியல் நிரூபித்தது என்று சொல்ல மாட்டேன். 1922-ல் பாரிஸில் தத்துவவாதி பெர்க்சனும் ஐன்ஸ்டீனும் மோதிக்கொண்டதும் இதே காலம் பற்றித்தான்.

தலைவிதி, அதாவது நடப்பதெல்லாம் முன்பே முடிவானதா என்ற பேச்சும் இப்படியே போகும். உங்கள் வீட்டு வாசல்படியில் கிருஷ்ணகிரி கிரானைட் இருந்தால் அதில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு இருக்கிறது, அதன் அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 125 கோடி ஆண்டு, எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விதி இல்லை என்பார் ஒருவர். போம் வடிவத்தில் அதுவும் முன்பே தீர்மானமானதுதான், நமக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே. அடுத்ததற்குப் போகலாம்.

ஆட்களிடம் எப்படிக் கேட்பது

வீட்டுப் பெரியவரிடம் "இது தப்பு" என்று தொடங்காதீர்கள், அன்றோடு பேச்சு முடிந்துவிடும். "மாமா, இதை எந்தக் கருவியில அளந்தாங்களாம்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். மறு தரப்பில், "விஞ்ஞானம் எல்லாத்தையும் விளக்கிடுச்சு" என்னும் நண்பரிடம் "சரி அண்ணே, பெல் சோதனைக்கு அப்புறம் நீங்க எதைக் கைவிடுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலை வைக்காவிட்டால் நீங்களும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

கூட்டமாகப் படிக்க நினைத்தால் நாலைந்து பேர் போதும், ஒரு மாலைக்கு ஒரு கூற்று. கையில் தமிழ்வழிப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதி இருக்கட்டும், இருமைப் பண்பு பாடமும் அணுக்கரு பாடமும் அதில் இருக்கின்றன, முக்கால்வாசித் தகராறுக்கு அதுவே போதும். பெல் கணக்கை முதல் மாலையிலேயே எல்லோரையும் தன் கையால் எழுதவையுங்கள், ஒருவர் எழுதி மற்றவர் தலையாட்டினால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. இழைக் கோட்பாடு, பல பிரபஞ்சம் இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே 'அளந்தது எது' என்ற கேள்விக்கு இயற்பியலாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் பழகுவதற்கு முன் உள்ளே போனால் யார் குரல் பெரியதோ அவர் ஜெயித்துவிடுவார்.